மூன்றாம் தேக்கத்தில் தண்ணீர் வடிந்த நாள்

ஹாக்கம், ஸ்டாஃபர்ட்ஷயர்
ஜூன் 23, 1985, ஞாயிறு

அன்பு மகள் லின்னெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்பிலும் குறை என்று சொல்ல அப்பாவின் இடது முட்டி ஒன்றுதான், மற்றபடி சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கொலினும், வயிற்றில் இருக்கிற பிள்ளையும் குளிருக்கு அடக்கமாக, பசி தூக்கம் ஒழுங்காக இருக்கிறீர்களா என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. நீ அனுப்பிய போட்டோ வந்தது, வயிறு நன்றாக இறங்கித் தெரிகிறது, முகம்தான் வாடியிருக்கிறது. நியூசிலாந்தில் ஜூன் மாதம் பனி பெய்யும் என்பது இத்தனை வருஷமாகியும் என் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது, கம்பளி உடுப்பு பின்ன உட்கார்ந்தால் இங்கே வியர்க்கிறது. போன ஞாயிறு காலையிலிருந்து போன் போட்டுப் போட்டு யாரும் எடுக்கவில்லை என்று பயந்து நீ பக்கத்து வீட்டுக்குப் போன் செய்ததாகச் சொன்னார்கள். மாசமாக இருக்கும்போது இப்படிப் பதறலாமா? எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ஏன் வீட்டில் இல்லை என்பதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் நடுவில் மீன்பிடி தடைக்காலம் தொடங்கித் தூண்டிலை மூட்டை கட்டினால் ஜூன் பதினாறு வரைக்கும் உன் அப்பா எப்படி இருப்பார் என்பது உனக்கு மறந்திருக்காது. இந்த வருஷமும் அதே கூத்துதான். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தூண்டில் தக்கைகளுக்குச் சாயம் அடித்துக் காயவைத்திருந்தார், நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். கடைசி வாரம் புழு டப்பா ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதோடு இந்த வருஷம் மீன்பிடி சங்கத்துக்கு அவர்தான் தலைவர், திறப்பு நாள் போட்டியைக் கால்வாயில் மூன்றாம் மதகுக்கு மேலே இருக்கிற தேக்கத்தில், அல்லி படர்ந்திருக்குமே அந்த இடத்தில் வைப்பது என்று எல்லாரிடமும் சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை விடிந்ததும் யார் யார் எங்கே உட்கார்வது என்று கரையில் குச்சி நடப் போனார். போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தார், லின்னெட். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “தண்ணியில்லம்மா, சுத்தமா தண்ணியில்ல, மீனெல்லாம் சேத்துல கெடந்து துடிக்குது” என்றார். நான் அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். “என்னை விடு, வாளி எடு!” என்று கத்தினார்.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அத்தனையும் நிஜம். முதல் நாள் சாயங்காலம் வாத்து நீந்திய இடத்தில் கன்னங்கரேல் என்று சேறு, நடுவில் மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், அந்தத் தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி அசைந்துகொண்டிருந்தது, அத்தனையும் மீன். அல்லித் தண்டெல்லாம் செத்த பாம்பு போலப் படுத்துக் கிடந்தது. பழைய சைக்கிள் இரண்டு, ஒரு தையல் மெஷின், யாரோ தொலைத்த பிரசங்க மேடை விளக்கு எல்லாம் வெளியே வந்து இளித்துக்கொண்டிருந்தன. நடந்தது இதுதான், இரண்டு கதவுக்கு நடுவில் படகை நிறுத்தித் தண்ணீரை வடித்துக் கீழே இறக்கிக்கொண்டு போன யாரோ, மூன்றாம் மதகின் கீழ்க்கதவில் தண்ணீர் விடுகிற அடைப்பை இறக்காமல் தூக்கியபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மேல் கதவு போன வருஷத்திலிருந்தே ஒழுகுகிறது. மேலே ஒழுக, கீழே திறந்து கிடக்க, ராத்திரி முழுக்கத் தேக்கமே வடிந்து கீழே போய்விட்டது.

அப்பா வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கசாப்புக் கடை நெவிலை உனக்கு நினைவிருக்குமே, தலைவர் தேர்தலில் அப்பாவிடம் தோற்றதிலிருந்து எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதவர், அவர் சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுக் கடையைச் சாத்திவிட்டு, கறி வைக்கிற வெள்ளைத் தொட்டி அத்தனையையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக, “என்ன தலைவரே, போட்டி நடத்துற எடத்துல தண்ணி இருக்கான்னு பாக்க வேணாமா?” என்று ஒரு குத்து. அப்பா, “வாயால மீன் தூக்க முடியாது நெவில், எறங்கு” என்றார். அப்புறம் இருவரும் தொடை வரைக்கும் சேற்றில் நின்று கைவலையால் அள்ளி அள்ளிக் கொடுக்க, நாங்கள் கரையில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மேலே இரண்டாம் மதகைத் தாண்டி நிறைந்த தண்ணீரில் கொண்டு போய் விட்டோம். நீ குழந்தையில் குளித்த தகரத் தொட்டிகூட வந்துவிட்டது. சிவப்புத் துடுப்பு ரோச் மீன்கள்தான் முதலில் சாய்ந்தன, பாவம், அவற்றுக்குத் தாங்கும் சக்தி இல்லை. பெர்ச் மீன் ஒன்று முள்ளால் என் உள்ளங்கையைக் கிழித்தது, காப்பாற்ற வந்தவள் என்று அதற்குத் தெரியுமா. டென்ச் மீன்கள் சேற்றுக்குள் புதைந்து அசையாமல் கிடந்தன, காலால் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. விரல் நீளக் குஞ்சுகளை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா ஒரு கிழட்டு பிரீம் மீனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, “இவளை எனக்குத் தெரியும், மூணு தடவ புடிச்சு விட்டிருக்கேன்” என்றார், நெவில்கூட அதற்குக் கிண்டல் செய்யவில்லை.

கொஞ்சம் மூச்சு விட்டதும் எல்லாருக்கும் கோபம் வந்தது. நெவில் முதல் நாள் சாயங்காலம் ஒரு பச்சைப் படகு ஒரே ஆளோடு இறங்கிப் போனதைப் பார்த்திருக்கிறார். “அவனைப் புடிச்சு இந்தச் சேத்துலயே உக்கார வெக்கிறேன்” என்று கிளம்பிவிட்டார். அவர் முஷ்டி பிடித்திருந்த கையைப் பார்த்ததும் எனக்குப் பயம், நானும் பின்னாலேயே போனேன். அடுத்த மதகையும் தாண்டி, செங்கல் பாலத்துக்கு அப்பால் அந்தப் படகு கட்டியிருந்தது. நெவில் அதன் கூரையில் ஓங்கி அடித்து, “யோவ், வெளிய வாய்யா! மேல நீ என்ன பண்ணிட்டு வந்திருக்கேன்னு தெரியுமா? அடைப்ப எறக்காம விட்டு ஒரு தேக்கத்தையே கொன்னுட்டு இங்க வந்து தூங்குறியா?” என்று கத்தினார். வெளியே வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார். பாதி முகம் மட்டும் சவரம் செய்து மீதியை மறந்துபோன மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ கருகுகிற வாசனை. பேர் அம்ப்ரோஸ் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அவர் நெவிலையும் மதகு இருந்த திசையையும் மாறி மாறிப் பார்த்தார். “அடைப்பா? அடைப்பை அவதானே…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நெவில், “எவ? எங்க அவ? கூப்பிடு” என்றார். “போன மாசம் தவறிப் போயிட்டா” என்றார் அந்த மனிதர். அப்புறம் நெவிலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். “நான் படகு ஓட்டுவேன், மதகெல்லாம் என் பொண்டாட்டி மேவிஸ்தான். தொறக்குறது, மூடுறது, அடைப்பு எறக்குறது எல்லாம் அவ வேலை. நான் வெளிய வந்ததும் நேரா பாத்துட்டுப் போயிட்டே இருப்பேன், அவ வேலைய முடிச்சுட்டுக் கரையோரமா நடந்து வந்து அடுத்த மதகுல நிப்பா. நேத்தும் அப்படித்தான் போயிட்டேம்மா. திரும்பிப் பாக்கணும்னே தோணல.”

நெவில் கூரையிலிருந்து கையை எடுத்தார். “அதுக்கு மீனு என்னய்யா பண்ணும்?” என்றார், ஆனால் குரலில் பாதி இறங்கிவிட்டது. “ஒண்ணும் பண்ணாதுதான்” என்று சொல்லிவிட்டு அம்ப்ரோஸ் உள்ளே போய் அடுப்பை அணைத்தார், ஒரு வாளியை எடுத்தார், எங்களுக்கு முன்னால் மேடேறி நடந்தார். யார் என்னவென்று யாருக்கும் சொல்லாமல் நேராகச் சேற்றில் இறங்கி, எல்லாரும் கைவிட்ட கதவோர மூலையில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். நெவிலும் மறுபடி சேற்றில் இறங்கினார், நான் வரிசைக்குத் திரும்பினேன். மத்தியானம் முழுக்க அந்த மனிதர் நிமிரவே இல்லை.

நான் டீயும் ரொட்டியும் கொண்டு போனபோது உன் அப்பா ஏக சந்தோஷத்தில் இருந்தார். “இந்தப் பெரியவர் யாரும்மா? நம்ம பசங்க நாலு பேர் வேலைய ஒத்தையா பாக்குறாரு, சங்கத்துல சேத்துக்கலாம்” என்றார். நான், “அவர்தாங்க அந்தப் பச்சைப் படகு” என்று சொல்லி, மேவிஸைப் பற்றியும் மெதுவாகச் சொன்னேன். அப்பா கையில் இருந்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். கால்வாயைப் பார்த்தார், செத்து மிதந்த குஞ்சுகளைப் பார்த்தார், அந்த மனிதரின் முதுகைப் பார்த்தார். ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் டீயை எடுத்துக்கொண்டு போய் அம்ப்ரோஸிடம் நீட்டி, “இந்தாங்க, ஆறிடும். ஆத்துக்குப் போறதுக்கு இன்னும் நாலு மதகு இருக்கே, எப்ப எறங்குறதா உத்தேசம்?” என்று கேட்டார். அம்ப்ரோஸ், “தெரியல. இப்ப மதகுகிட்ட போகவே பயமா இருக்கு” என்றார். அப்பா, “சரி, நாளைக்குக் காலையில நாங்க வரோம்” என்றார்.

நாளைக்கு என்றால் பதினாறாம் தேதி, லின்னெட்! இங்கிலாந்தில் தூண்டில் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற நாள். போட்டி ரத்தாகிவிட்டது சரிதான், ஆனால் மற்றவர்கள் எல்லாரும் மேல் தேக்கங்களுக்குப் போய்விட்டார்கள். நீ பிறந்தது அந்தத் தேதியில் விழுந்திருந்தால்கூட அப்பா சாயங்காலம்தான் வந்து பார்த்திருப்பார், உன்னைப் பெற்றபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் காலையில் தூண்டிலைத் தொடவில்லை. பாலத்தடிக்குப் போனால் அங்கே எங்களுக்கு முன்பே நெவில் ஒரு பொட்டலம் கறிப் பணியாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா, “நீ எங்க இங்க?” என்றார். “தலைவர் தனியா மதகு தள்ளுனா முட்டி போயிரும், அப்புறம் நான்தான் தலைவர் ஆகணும், எனக்கு அந்தத் தலைவலி வேணாம்” என்றார் நெவில். நீ போன் போட்டபோது நாங்கள் மூவரும் அங்கேதான் இருந்தோம். சர்ச்சுக்குக்கூட நான் போகவில்லை.

முதல் இரண்டு மதகையும் அப்பாவும் நெவிலுமே பார்த்துக்கொண்டார்கள், அம்ப்ரோஸ் படகில் நின்றார், நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் கரைக்கு ஏறி வந்து அடைப்பை எப்படி இறக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தார். கடைசி மதகு வந்ததும், “இதை நான் பண்றேன். நீங்க உக்காருங்க” என்றார். நாங்கள் புல்லில் உட்கார்ந்தோம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்தினார், அந்தப் பக்கம் போய் அடைப்பைத் திருகித் தூக்கினார், படகு இறங்க இறங்கக் கயிற்றை விட்டார், கீழ்க்கதவைத் திறந்து, ஏணியில் இறங்கி, படகை வெளியே கொண்டுபோய்க் கட்டி, மறுபடி ஏறி வந்தார். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. பின்னால் வாடகைப் படகில் வந்தவன் ஒருவன் ஹாரன் அடித்தான், நெவில் எழுந்து போய், “ஆறு எங்கயும் ஓடிப்போகாது தம்பி, பணியாரம் சாப்பிடு” என்று அவன் வாயை அடைத்தார். உன் அப்பாவின் கை அடிக்கடி உதவப் போகிற மாதிரி எழும்பும், நான் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அம்ப்ரோஸ் அடைப்பை இறக்கினார். இறங்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தார். எங்கள் மூவருக்கும் கை கொடுத்தார், என் கையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தார். ஆற்றுக்குள் படகு திரும்பி மறைகிற வரைக்கும் நின்றோம். தேக்கம் புதன்கிழமைக்குள் நிறைந்துவிட்டது, மீனில் பாதிக்கு மேல் பிழைத்தது என்கிறார்கள். சங்கத்தில் இரண்டு மூன்று பேர் அந்த ஆளைச் சும்மா விட்டது தப்பு என்று இன்னும் முணுமுணுக்கிறார்கள், நெவில்தான் அவர்களுக்குப் பதில் சொல்கிறார்.

இதற்கு அப்புறம் வீட்டில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா வந்து அடுப்பங்கரை வாசலில் நின்றார். என்ன வேண்டும் என்றேன். “உருளைக்கெழங்கு எவ்வளவு நேரம் வேகணும்?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அம்ப்ரோஸ் படகில் வந்த கருகல் வாசனை எனக்கு நினைவுக்கு வந்தது. கத்தியைக் கையில் கொடுத்தேன். மறுநாள் நான் போய், வீட்டில் லைட்டெல்லாம் அணைந்தால் ஃபியூஸை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஏணி எடுத்து வந்தார். இந்த வாரம் முழுக்க எங்களுக்கு இதே பள்ளிக்கூடம்தான், துணி மெஷினில் எந்தப் பொத்தான், காரில் எங்கே எண்ணெய் ஊற்றுவது என்று. நேற்று இரவுச் சாப்பாடு முழுக்க அவரே செய்தார். கிழங்கு நடுவில் கல்லாக இருந்தது. ஒன்றுவிடாமல் சாப்பிட்டேன், இன்னும் இரண்டு கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன்.

நீ இரும்பு மாத்திரையை மறக்காமல் போடு, வெறும் வயிற்றில் போடாதே. பனியில் படியிறங்கும்போது பெருமை பார்க்காமல் கொலினின் கையைப் பிடித்துக்கொள். பிள்ளை பிறந்ததும் அங்கே எந்நேரமானாலும் இங்கே எந்நேரமானாலும் போன் போடு, இந்தத் தடவை கட்டாயம் எடுப்போம். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நிறைந்திருக்கக் கடவுள் துணையிருக்கட்டும். அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுத் தூண்டிலோடு கிளம்பிவிட்டார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா