வெள்ளிக்கிழமை அரை மணி நேரம்

புனே, சனிக்கிழமை

அம்மிக்கு உங்க மகன் ஷாஹித்தின் ஸலாம். முட்டி வலி எப்படி இருக்குது? ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவுலயே போங்க, நடக்காதீங்க. நான் நல்லா இருக்கேன்.

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதறேன். போன வாரம் வெள்ளிக்கிழமை கிரைண்டிங் மெஷின்ல ஒரு டை பிளேட், அதான் அச்சுத் தகடு, ஓட்டிக்கினு இருந்தேன். கெட்டியான ஸ்டீல், பட்டு இழையை விட மெல்லிசாத்தான் சீவணும். தங்கச்சி நிக்கத் அனுப்பின குழந்தை வீடியோவைப் பார்த்ததுல, சூடு ஏறாம தண்ணி ஊத்துற கூலன்ட் பைப் விலகினதைக் கவனிக்கல. சூட்டுல பிளேட் நீலமாக் கருகி வீணாப் போச்சு.

முதலாளி காளே கேட்டதும், ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சுன்னு அவசரப்பட்டேன் சார்னு சொல்லிட்டேன். அவர் திட்டவே இல்ல.

இங்க வந்த ஏழு மாசத்துல நான் ஒரு ஜும்மாவுக்கும் போனதில்ல அம்மி.

நேத்து அவரே வந்து என் மெஷினை நிறுத்தி, "தொழுகைக்குக் கிளம்பு. என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கண் ஆபரேஷன், அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கோ"ன்னாரு. நான் அரை மணி நேரம் டீக்கடைக்குப் பின்னாடி நின்னுட்டுத் திரும்பினேன். வேண்டிக்கிட்டியான்னு கேட்டாரு. தலையாட்டினேன்.

ஆணியில மாட்டிட்டு வந்த என் தொழுகைத் தொப்பியை உடனே கூரியர்ல அனுப்புங்க. அப்பாவுக்குக் காரணம் சொல்ல வேணாம். பெல் அடிச்சிட்டாங்க, போறேன். முதலாளி பொண்ணு பேரு ஷர்வரி. தொப்பி வர்ற வரைக்கும் அவளுக்காக நீங்க துவா செய்யுங்க.

ஷாஹித்