சைலன்சர் சூடும் அம்மாவின் காலும்

786

இரும்புலியூர்
11.7.2004

அன்பு மகன் உஸ்மானுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே சுகம், மேடவாக்கத்தில் உன் தங்கை ஃபாயிசாவும் சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அது முழுக்க உண்மை இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நின்று ரிசீவரைப் பிடுங்கிக்கொள்கிறாள். உன் கூட்டாளி அசார் லீவு முடிந்து தம்மாம் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் நீ விட்டுப் போன பைக்கால் வந்தது. விற்காதீங்க அத்தா, நான் வந்து ஓட்டணும் என்றாய், சரி என்று நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போவதற்கு முன்னால் சைலன்சர் மேலிருந்த கார்டை எதற்குக் கழற்றினாய், அது இல்லாமல்தான் வண்டி அழகாக இருக்கிறது என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். கால் சுடாமல் இருக்க வைத்த தகடு அது, அழகுக்கா வைத்தார்கள். அது போதாதென்று அம்மாவுக்குப் போனில் பாடம் வேறு நடத்தினாய், ஒருபக்கமா உட்காராதீங்க, ஸ்பீடு பிரேக்கர்ல விழுந்துடுவீங்க, ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்க என்று. நான் சொல்லி எதையும் கேட்காதவள் நீ சொன்னதும் கேட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் பர்தாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏறிப் பழகினாள். அவள் வலது காலை வைக்கும் இடத்தை ஒட்டியே அந்த மொட்டை சைலன்சர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாயிசாவைப் பார்க்கப் புறப்பட்டோம். கேம்ப் ரோடு சந்திப்பில் தண்ணி லாரிகள் வரிசையாக மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் எதுவும் நகரவில்லை, எஞ்சினை அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்னவோ என்று ஓடவிட்டே நின்றேன், காற்று துளியும் இல்லை, என் முழங்காலுக்கே சூடு தாங்கவில்லை. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அஸர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்ய அம்மா நைலான் சாக்ஸைக் கழற்றினாள், சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது. வலது கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு. ஃபாயிசா போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அம்மா மட்டும், ஏண்டி இப்படிக் கத்துறே என்று அவளைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாளே சைலன்சர் சூட்டைக் குறைக்க இறங்கினேன். பள்ளிவாசலில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சூடு தாங்கும் வெள்ளைக் கயிறு என்று வெல்டிங் கடையில் வாங்கிச் சுற்றினேன், ஒரு மழைக்கு நனைந்து தெருவே மூக்கைப் பிடித்தது. சில்வர் பெயிண்ட் அடித்தேன், இரண்டு நாளில் பொரிந்து உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் திட்டினேன், இப்போது அதற்கு வருத்தப்படுகிறேன். கடைசியில் சேலையூரில் மெக்கானிக் ஜெயவேலுவிடம் கொண்டுபோனேன். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. யார் பாய் இதுல கை வெச்சது, வண்டி பெட்ரோல் குடிக்காம காத்த குடிச்சிகினு ஓடுது, பைப்பு நீலமா பூத்துகினு கீது பாரு, சூடு ஆவாம இன்னா பண்ணும் என்று கேட்டார்.

கை வைத்தது நான்தான். போன நோன்புப் பெருநாள் முடிந்ததும் பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒருவரிடம் சொல்லி, மைலேஜ் வரவேண்டும் என்று கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டேன். லிட்டருக்கு அறுபத்தெட்டு கொடுக்கிறது என்று உன்னிடமே போனில் பீற்றிக்கொண்டேனே, அது இதுதான். பெட்ரோலைக் குறைத்தால் எஞ்சின் காய்ந்து கொதிக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜெயவேலு எல்லாவற்றையும் பழையபடி செட் செய்தார். பரணில் கிடந்த உன் கார்டைத் தேடிக் கொடுத்தேன், பைப்பில் ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி வாஷர் வைத்து மாட்டினார், நடுவில் காற்று போனால்தான் தகடு சுடாதாம். இப்போது அதன் மேல் கை வைத்தால் வெதுவெதுப்புதான். மைலேஜ்தான் லிட்டருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் கொடுக்கவில்லை, போகட்டும்.

இந்த வீரத்தை எல்லாம் அம்மாவுக்குக் கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சூடு பட்டபோது எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேட்டார். ஒண்ணும் தெரியலையே டாக்டர் என்றாள். கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தடவினார், இரண்டு காலிலும் எதுவும் தெரியவில்லை. சர்க்கரையால் உணர்ச்சி போய்விட்டதாம். எத்தனை நாளாக இப்படி என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றரை வருஷமா என்றாள். ரோட்டில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து போயிருக்கிறாளாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், உங்ககிட்ட சொன்னா உஸ்மானுக்கு எழுதிடுவீங்க, புள்ள வேலையை விட்டுட்டு வந்து நிக்கும் என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் இரும்புலியூர் வரும்வரை வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன்.

ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. அன்றைக்குக் கேம்ப் ரோட்டில் நிற்கும்போது நைலான் கருகும் வாசனை வந்தது. உன் அம்மாவை இறங்கச் சொன்னேன். வயரைப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் பார்த்தேன், குனிந்து எஞ்சினை மோந்து பார்த்தேன். வண்டிக்கு ஒன்றும் இல்லை, ஏறு என்று சொல்லித் திரும்ப உட்கார வைத்தேன். அவள் காலைப் பார்க்கவில்லை. இதை ஃபாயிசாவிடம்கூட நான் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாலு வாரம் ஆகியும் புண் ஆறவில்லை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மூடியிருக்கிறது. இன்னொரு காயம் பட்டால் காலுக்கே ஆபத்து, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ வேலையை விட்டுவிட்டு வராதே, அவள் பயந்தது அதற்குத்தான். போனில் காலைப் பற்றி எதுவும் கேட்காதே, நான் எழுதியது தெரிந்தால் வீட்டில் இருக்க முடியாது. வேளாவேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, உனக்கும் வயதாகிறது, ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து உன்னை எங்கள் கண்ணில் காட்டுவானாக.

ஒன்று மறக்காதே. டிசம்பர் லீவில் வரும்போது பர்தா, சென்ட் எதுவும் வேண்டாம், உள்ளே தையல் உறுத்தாத மெத்தென்ற மூடிய ஷூ ஒரு ஜோடி அம்மாவுக்குக் கொண்டுவா. நம்பர் சொன்னால் தப்பாகிவிடும் என்று இந்தத் தாளின் பின்பக்கம் அவள் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அதைக் கடையில் காட்டு. குதிகால் பக்கம் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும். அந்த இடத்தில் பென்சில் வழுக்கி முனை அவள் காலில் இரண்டு தடவை குத்திவிட்டது. உனக்கு அங்கே நல்ல மீன் கிடைக்கிறதோ என்னவோ என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஹாஜா மைதீன்