ஆரபியின் வாய்மொழித் தேர்வு

டாக்டர் நண்பனுக்கு,

உன் மகள் ஆரபிக்கு உடற்கூற்றியல் சொல்லிக்கொடுக்க, இங்கே இத்தாலியில், பலெர்மோவில் ஓர் ஆசிரியரைத் தேடித் தரும்படி கேட்டிருந்தாய். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே ஒவ்வொரு முறையும் பதில் போட்டேன். என் மேல்வீட்டு இனெஸ் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறாள், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறாள். அவளிடம் நான் கேட்கவே இல்லை.

இங்கே தேர்வு வாய்மொழியாக நடக்கும். கதவு திறந்திருக்கும், யாரும் போய் உட்காரலாம். இன்று, நான் சமைத்துப்போடும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவிடம் லீவு கேட்டுப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். பேராசிரியர் மணிக்கட்டு எலும்பு ஒன்றை ஆரபியின் கையில் கொடுத்தார். நம்மூர்ப் பிள்ளை அல்லவா, எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவாள். வாய் திறக்கவில்லை. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அழுதாள். அழும்போது அவளுக்கு அப்படியே உன் முகம். அடுத்த முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"மாமா, அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை நானே கதைக்கிறன்."

"ஓம் பிள்ளை, நீ பயப்பிடாதை" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் இதே பாடத்தில் நான் தோற்ற அன்று, நீயும் எனக்கு இதே 'பயப்பிடாதை'யைத்தான் சொன்னாய். நான் வீடு போய்ச் சேருமுன் சைக்கிளில் போய் என் அப்பாவிடம் சொன்னவனும் நீதான். அதன்பின் அவர் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

மின்னஞ்சலுக்குச் சைக்கிள் தேவையில்லை. ஆரபி இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள்.

உன் பழைய வகுப்புத் தோழன்