பத்து மைல் கிணற்றுப் பூ

வில்லகுண்டா ஆட்டுப்பண்ணை,
19 ஆகஸ்ட் 1981

அன்புத் தம்பி நெவிலுக்கு,

அக்கா மோரின் எழுதுவது. அப்பாவும் நானும் நலம். மழைக்குப் பிறகு ஆடுகள் தேறிவிட்டன. ஈக்கள் எங்கள் எல்லாரையும்விட நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நகரத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கையில் நீ போட்ட வரைபடம். அம்மா அந்த வெள்ளை டெய்சியைச் செய்தித்தாளில் மடித்து, மெத்தைக்கடியில் வைத்து அழுத்தி, இடம் 'பத்து மைல் கிணறு' என்று ஒரு தாளில் எழுதி, காய்ந்த செடிகளை ஒட்டிச் சேர்த்துவைக்கும் உங்கள் செடிக் காப்பகத்துக்கு அனுப்பினாளே, அந்தத் தாளைப் பார்த்து நீ வைத்த புள்ளியைத் தேடித்தான் வந்தார்கள். நாள் முழுக்க வெட்டவெளியில் சுற்றிவிட்டு, என் கையால் தேநீரும் குடித்துவிட்டு, "அந்தப் பூ இந்தப் பக்கம் அழிஞ்சு போச்சுங்க" என்று சொல்லிப் போனார்கள். அவ்வளவுதான், கிணற்றுச் சரிவில் சரளை வெட்டச் சாலைக்காரர்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது.

மடையா, பத்து மைல் எந்த வீட்டிலிருந்து? நீ பிறந்த இந்த வீட்டிலிருந்து அளந்திருக்கிறாய். வெள்ளம் கொண்டுபோன பழைய ஓடைக்கரை வீட்டிலிருந்து அளந்து வைத்த பெயர் அது. இங்கிருந்து அந்தக் கிணறு ஆறு மைல்கூட இல்லை. அம்மா தாளில் எழுதியது தூரம் இல்லையடா, பெயர். சின்ன வயதிலேயே உன்னை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இதற்கு மேல் திட்டமாட்டேன்.

பூ அழியவில்லை. இந்த மழைக்குச் சரிவு முழுவதும் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாலை அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒரு பெண், "நீங்க சொன்னா போதாதுங்க, காப்பகத்து ஆள் நேர்ல பார்த்துப் பதிவு பண்ணணும்" என்கிறாள். நீதான் அந்த ஆள். நான் பறித்துத் தபாலில் அனுப்பினால் அக்காவும் தம்பியும் சேர்ந்து கட்டிய கதை என்பார்கள். உனக்குப் போன் செய்திருப்பேன். நாலு பண்ணைக்கும் ஒரே லைன், நாம் பேசினால் எல்லாரும் காது கொடுப்பார்கள். நீ புள்ளியைத் தப்பாக வைத்தது ஊர் சிரிப்பாக வேண்டாம் என்றுதான் கடிதம்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தினமும் சாப்பாட்டு டப்பாவோடு போய், சரிவுக்குப் போகும் பாதையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி உட்கார்ந்துகொள்கிறார். சாலைக்காரர்களின் மேஸ்திரி ரெஜ் வந்து, "பெருசு, வண்டிய எடுங்க" என்றானாம். இவர், "பேட்டரி செத்துப்போச்சுடா" என்றாராம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்! இதெல்லாம் திங்கட்கிழமை செல்லுபடியாகாது. முழங்கால் வேறு வீங்கிக் கிடக்கிறது.

அம்மா போனதிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. உன்னைப் பற்றி யார் கேட்டாலும் "காய்ஞ்ச புல்லு ஒட்டப் போயிட்டான்" என்பார். நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது, சமாதானமெல்லாம் பேசப் போவதில்லை. நேற்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அடுப்பு மூட்டப் பழைய செய்தித்தாளை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "இத எரிக்காதே. அவன் வந்தா பூவ எதுல வச்சு அழுத்துவான்?" என்றார். உனக்கு எழுதப் போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் கட்டிலுக்கடியில் பார்த்தேன். இந்த மாதத்துச் செய்தித்தாள் அத்தனையும் கசங்காமல் அடுக்கியிருக்கிறது.

இது வெள்ளிக்கிழமை உன் கைக்கு வரும். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பு. இருட்டில் ஓட்டாதே, கங்காரு குறுக்கே பாயும். பத்திரமாக வந்து சேர், என் கண்ணே. செய்தித்தாள் கொண்டுவர வேண்டாம்.

உன் அக்கா,
மோரின்