சுஜாவை அழைத்து வரப் பதினாறு இஞ்சு சக்கரம்

ஞாயிறு

காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. கடியப்பட்டணம் சாளை மீன் குழம்பு, புளி சற்றுக் கூடிவிட்டது.

இவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து ஒரு வாரம். இன்று மார்த்தாண்டத்துச் சிநேகிதன் வீட்டிலிருந்து நான்கு அலாய் சக்கரம், டயரோடு. பதினாறு இஞ்சு. எங்கள் காரில் இருப்பது பதினைந்து. வெள்ளிக்கிழமை நாத்தனார் சுஜாவைப் பிரசவத்துக்கு ஆரல்வாய்மொழியிலிருந்து அழைத்து வரவேண்டும். அண்ணன் கார் அங்கே ஜம்மென்று போய் நிற்கவேண்டுமாம்.

டயர் அளவு பொருந்துமா என்று கேட்டேன்.

"பழசுலயும் 65, இதுலயும் 65. பின்ன என்ன?"

திங்கள்

மாட்டியாயிற்று. கார் எடுப்பாக நிற்கிறது. அழகுதான். இவர் உடனே படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்.

ஓட்டுவது நான். இவருக்கு அங்கே வலப்பக்கம் ஓட்டிப் பழக்கம். வில்லுக்குறி வரை ஒரு சுற்று. மீட்டரில் 60, போன் மேப்பில் 65.

"போனு தப்பா காட்டுது."

செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வேறொன்றுமில்லை.

புதன்

பின்னால் மாமியார், அவர் தங்கை, அரிசி மூட்டை இரண்டு. இரணியல் திருப்பத்தில் வளைத்ததும் கரகரவென்று சத்தம். மாமியார் நிதானமாக, "மக்கா, வண்டிக்க அடியில ஆரோ தேங்கா திருவுத மாதிரி கேக்கு" என்றார். இறங்கிப் பார்த்தால், முன் டயர் மேலே உள்ள பிளாஸ்டிக்கில் உரசி அதை மழித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழையது 185/65 R15. புதியது 205/65 R16. இந்த 65 மில்லிமீட்டர் இல்லை. டயரின் அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு, அதுதான் பக்கச்சுவரின் உயரம். அகலம் கூடினால் அதுவும் கூடும். சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆகமொத்தம் பழையது 62 சென்டிமீட்டர் உயரம், புதியது 67. உரசாமல் என்ன செய்யும்? பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. போன் சொன்னதுதான் சரி.

இவர் இரண்டு தரம் போனில் தட்டிப் பார்த்தார். "சரிதான்." போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்கும் சங்கடம். இந்த லீவில் இவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

வியாழன்

நாகர்கோவில் டயர் கடை. எதற்கும் இருக்கட்டுமென்று பழைய சக்கரங்களும் பின்சீட்டில். பதினாறு இஞ்சு சக்கரத்துக்கு 195/55 டயர். கணக்குப் போட்டேன்: 62. இவர் முகத்தில் மறுபடி வெளிச்சம்.

மாட்டப்போகும் நேரத்தில் இவர் புது டயரின் பக்கச்சுவரைத் தடவினார். சக்கரம் பெரிதாகி மொத்த உயரம் மாறாமலிருக்க ரப்பர்ச் சுவர் குட்டையாகிறது.

"குழியில விழுந்தா குலுக்கம் கூடுமா?"

"கொஞ்சம் கூடும்லா," என்றார் கடைக்காரர். "நம்ம ரோட்டுல நல்லாவே தெரியும்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "அப்போ பழசையே மாட்டுங்க. பிள்ள பெறந்த பொறவு பாக்கலாம்."

திரும்பும்போது வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தேன்.

வெள்ளி

ஆரல்வாய்மொழியில் ஒரே காற்று. சேலையைப் பிடிப்பதா, பலகாரப் பெட்டியைப் பிடிப்பதா. சுஜா வாசலுக்கு வந்து வயிற்றைத் தாங்கியபடி முதலில் எட்டிப் பார்த்தது சக்கரத்தை.

"அண்ணா, ஸ்டேட்டஸ்ல போட்ட வீலு எங்க? நான் தெரு முழுக்கக் காட்டியாச்சு."

"அது உனக்க பிள்ளைக்கு."

"போ அண்ணா."

தோவாளை தாண்டும்போதே சுஜா பின்சீட்டில் அண்ணன் தோளில் சாய்ந்து தூக்கம். இவர் அசையாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் முன்னால், "மெல்ல, மெல்ல." முப்பதில் ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். இவர் கை அவள் தலைக்கு அணையாக.

வீட்டு வாசலில் நிறுத்தியபின்தான் விழித்து என்னைக் கேட்டாள்: "அதுக்குள்ள வந்தாச்சா மைனி?"