காதை எட்டாத கை

அரியலூர்
20.7.83

அன்பு மகன் அரியமுத்துவுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மா, உன் சம்சாரம் சிந்தாமணி, உன் பிள்ளை, தம்பி தர்மன், நான் ஐந்து பேரும் கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீ அந்தக் குவைத்து வெயிலில் உடம்பு நோகாமல் இருக்கிறாயா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைப் பாதி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை, அசதிதான். ரயில்வே கேட்கீப்பர் வேலையில் ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் ரயில் ஊதினால் கேட்டை மூட எழுந்துவிடுகிறேன், எழுந்த பிறகுதான் அங்கே வேறு ஆள் இருக்கிறான் என்று ஞாபகம் வருகிறது. சிந்தாமணி என் மேல் கோபமாக இருக்கிறாள், அவளும் உனக்கு எழுதுவாள். அவள் கடிதம் வரும் முன்னே என்னுடையது உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான், உனக்கு விசா வாங்கிக் கொடுத்த லப்பைக்குடிக்காட்டு பாய் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்துப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தர்மனுக்கும் ஒரு விசா பார்க்கச் சொல்லிக் கேட்டேன். இப்ப அங்க ஆள் எடுக்கிறதே கொறஞ்சு போச்சுங்க, இருக்கிறவங்களையே திருப்பி அனுப்புறாங்க என்றார்.

உன் போன கடிதம் வந்தது. ஆபீசில் நீ டைப் அடித்த தாளில் பார்த்தது என்று ஒவ்வொரு தேசத்துக் கணக்கையும் எழுதியிருந்தாய். தர்மனுக்குப் படித்துக் காட்டுங்கள், ஆறுதலாக இருக்கும் என்றும் போட்டிருந்தாய். படித்துக் காட்டினேன். இங்கிலாந்தில் நூற்றுக்குப் பதினொரு பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், இளவட்டத்தை மட்டும் எண்ணினால் இருபதைத் தாண்டுகிறது. இத்தாலியில் மொத்தத்தில் நூற்றுக்குப் பத்து என்றால் இளவட்டத்தில் முப்பது. ஸ்பெயின் தேசத்தில் பதினேழுக்கு நாற்பது. ஜப்பானில் எல்லாமே கொஞ்சம்தான், ஆனால் அங்கேயும் மூன்றுக்கு ஐந்து. ஒரு தேசமாவது மாறி இருக்கும் என்று விரலை வைத்துத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை, எல்லா இடத்திலும் சின்னவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள். உனக்கு நல்ல மனசு, அதனால் எழுதினாய். ஆனால் ஸ்பெயின்காரன் பிள்ளை சும்மா இருக்கிறான் என்பதால் நம் வீட்டில் சோறு கூடுதலாகப் பொங்குமா சொல். தர்மன் கேட்டுவிட்டு உன் கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் நம் தெருவுக்கு ஒரு கணக்குப் போட்டான். மொத்தம் எண்பத்தாறு பெரிய ஆட்கள். என் வயசுக்காரர்களில் வேலை இல்லாதவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை, பெரியவர் சின்னப்பிள்ளை எழுபது வயசில் ஆடு மேய்க்கிறார், சும்மா உட்கார்ந்தால் யார் சோறு போடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத பையன்கள் எல்லாம் சுண்ணாம்புக்கல் வெட்டவோ நாற்று நடவோ போய்விட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் ஏழு பேர், அதில் ஆறு பேர் வேலைவாய்ப்பு ஆபீஸ் கார்டை வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்தபடி இருக்கிறார்கள். தெருவைச் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு, படித்த பிள்ளைகளை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து. உன் தாளில் உள்ள எந்தத் தேசமும் நம் தெருவுக்குக் கிட்டே வர முடியாது. தர்மன் அந்த ஆறு பேரில் தன் பெயரையும் எழுதிவிட்டு, வைகாசியில் ஆண்டிமடத்துக்கு முந்திரி பொறுக்கப் போனேனே, அது வேலையா இல்லையா என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. உன் ஆபீசில் யாருக்காவது தெரிந்தால் கேட்டு எழுது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு வருஷம் கார்டைத் தவறாமல் புதுப்பித்ததற்கு ஒரு வழியாக அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. பெரம்பலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. உன் அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். சித்திரையில் வர வேண்டிய இன்டர்வியூ தள்ளிப் போய் இந்த மாசம் வந்தது. நானும் கூடப் போனேன். உன் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான், கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை, ஆள் கொஞ்சம் பருத்துவிட்டான். உள்ளே போனவன் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். ஜூலை முதல் தேதியில் முப்பது வயது முடிந்திருக்கக் கூடாதாம். சர்டிபிகேட்டில் அவன் பிறந்தது 53 ஜூன் ஒன்று. ஒரே ஒரு மாசம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷன்தான், வயசு தாண்டிடுச்சு தம்பி, நான் என்ன பண்ணுவேன் என்று சொல்லியிருக்கிறார்.

அரியமுத்து, அவன் பிறந்தது 55 தை மாசம். உனக்கும் தெரியும். 58-ல் மழை பொய்த்தபோது அம்மா நடவு கிடைத்த ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள், நான் கேட்டில் இருந்தேன், பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் மத்தியானச் சோறு கிடைக்கும், நீயும் அங்கே இருக்கிறாய், பார்த்துக்கொள்வாய். மூன்றரை வயசுப் பிள்ளைக்கு ஐந்து என்று சொன்னேன். தலைக்கு மேலே கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட வேண்டும் என்றார் வாத்தியார், எட்டவில்லை, நீதான் பக்கத்தில் நின்று அவன் தலையைச் சாய்த்துப் பிடித்தாய். வாத்தியாரும் கண்டுகொள்ளவில்லை, 53 ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். நாம் எல்லோரும் அன்றைக்குச் சிரித்தோம். கேட்டை ஒரு நிமிஷம் முன்னால் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, முப்பது வருஷம் அதைத்தானே பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கு மட்டும் முன்கூட்டித் திறந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்சில் அவனிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் சொல்லவில்லை, அவனுக்குத் தன் வயசு முப்பது என்றுதான் நினைப்பு. திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன், அண்ணன் எழுதுன கணக்குல இருபத்திநாலு வரைக்குந்தான் இளைஞராம்ப்பா, இருபத்தெட்டுன்னாலும் முப்பதுன்னாலும் நான் அதுல இல்ல என்றான். இன்னும் கொஞ்சம் போன பிறகு, அந்த ரெண்டு வருஷமும் மத்தியானம் பசிக்காம இருந்தேன்ல, விடுங்க என்றான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அரியலூர் வரும்வரை துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வந்தேன், தூசி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

சிந்தாமணி கோபத்துக்குக் காரணம் இதுதான். போன திங்கட்கிழமை உன் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னை அனுப்பினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது, நம்ம பிள்ள மட்டும் ஏன் வீட்டுல கெடக்கணும் என்று அவளுக்கு ஆதங்கம். பையன் தலைக்கு மேலே கையைப் போட்டான், காதுக்கு நாலு விரல்கடை இருந்தது. இப்போதுள்ள வாத்தியாரும் நல்லவர்தான். பெரியவரே, ஒரு வருஷம் கூட்டிப் போட்டுக்கலாம், எல்லாரும் செய்யறதுதானே என்று சொல்லி அவரே பையன் தலையைச் சாய்க்கக் கையை நீட்டினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். மரியாதை இல்லாமல் செய்துவிட்டேன் என்று பிறகு வருத்தமாக இருந்தது. பையன் பிறந்தபோது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டை மேஜை மேல் வைத்து, இதில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்றேன். அப்படியானால் அடுத்த வருஷம் வாங்க என்று அனுப்பிவிட்டார். பையன் வழியெல்லாம் அழுதான். வெளியே நின்ற தர்மன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். இப்போது சாயங்காலத்தில் அவன்தான் மணலைப் பரப்பி உன் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் பெண்டாட்டி எழுதுவதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை, அவளைக் கோபிக்காதே, அவளும் பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்கிறாள். தர்மனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஆனால் தேசத்துக் கணக்கு எதுவும் வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேட்டு எழுது. வெயிலில் வெறுந்தலையோடு போகாதே. அம்மாவும் நானும் உனக்கு ஆயுசையும் சுகத்தையும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. பின்னால் உன் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டோ எதுவோ எடுக்க எந்தக் காகிதம் எழுதினாலும், 79 பிப்ரவரி இருபத்தொன்று என்றே எழுது, ஒரு நாள் கூட்டாதே. வயசு தானாகப் போகிறது, நாம் பிடித்துத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
கொ. கொளஞ்சியப்பன்