பெயர் போடாத ஜெபக் குறிப்பு

அன்பு மகன் பிரெண்டனுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஃபெர்கஸும் அந்தக் கிளாஸ்கோ மழையில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதவில்லை, அதைக் கவனி. ஏன் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மின்னஞ்சல் முகவரி எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றுதான், உனக்கே தெரியும், அவர் கண்ணில் படாமல் அதில் ஒரு வரி எழுத முடியாது, போனில் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன். அதனால் தானியக் கிடங்குக்கு எதிரே காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மூன்று நாளாக மேற்குக் காற்று நிற்கவே இல்லை, எங்கோ புல் எரிகிற வாசனை வந்துகொண்டே இருக்கிறது, எந்தப் பக்கம் என்று தீயணைப்புக்காரர்களுக்கே தெரியவில்லையாம்.

அப்பாவின் முழங்கால் தேவலை. எலுமிச்சை இந்த வருஷம் காய்த்துக் கொட்டுகிறது, பறிக்க எனக்கு மனசில்லை. நம் கிழட்டு நாய்க்கு ஒரு பல் பிடுங்க வேண்டியிருந்தது, கால்நடை டாக்டர் ரோவீனாதான் செய்தாள், அவ்வளவு பூப்போலச் செய்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த ஆட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று சொல்கிறேன். ஹெய்டி ஜான்கேயை உனக்கு நினைவிருக்கும், போன தடவை நீ வந்தபோது சபையில் பியானோ வாசித்தாளே, எங்கள் சபைப் பள்ளியின் கணக்கு டீச்சர். அவளும் ரோவீனாவும் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை, கேட்காததால் யாருக்கும் தெரியாது. இப்படித்தான் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதியைக் கெடுத்தவள் உன் அம்மா.

ஜூலையில் பருவம் தொடங்கும்போது ஆசிரியர் எல்லோரிடமும் அவசரத் தொடர்புப் படிவம் வாங்குவது அலுவலகத்தில் என் வேலை, மயக்கம் போட்டு விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று. ஹெய்டி ஒவ்வொரு வருஷமும் ரோவீனாவின் பெயரும் நம்பரும் எழுதிவிட்டு, உறவு என்ற கட்டத்தைக் காலியாக விடுவாள், நானும் அப்படியே கோப்பில் போட்டுவிடுவேன். இந்த வருஷம் புதுக் கணினி முறை வந்திருக்கிறது, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்புக் கோடு போட்டு நின்றுவிடுகிறது. அவளைக் கூப்பிட்டு, "ஹெய்டி, இது என்ன உறவுன்னு போடணும்? தோழியா, சொந்தமா?" என்று கேட்டேன். தோழி என்று நானே அடித்துவிட்டுப் போயிருக்கலாம். கேட்டேன், கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல கிளெண்டா, ரோவீனாதான் என் துணை" என்றாள். பிறகு மெதுவாக, "நானும் நீங்க வாசிக்கிற அதே வேதத்தைத்தான் தினமும் வாசிக்கிறேன், அதையும் எழுதிக்குங்க" என்று சிரித்தாள். நான் தோழி என்று அடித்தேன். சிவப்புக் கோடு போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் டல்சி ஜெபக் குறிப்புகளைத் திரட்டி எல்லோர் போனுக்கும் அனுப்புவாள் அல்லவா, யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் சண்டை என்று. பெயர் போடாமல் கொடுத்தால் அது புறங்கூறுதல் ஆகாது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. நான் டல்சியிடம், "இயற்கைக்கு மாறான ஒரு உறவில் இருக்கும் நம் பள்ளிச் சகோதரி ஒருத்திக்காக, கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், ஆண்டவர் அவளை மென்மையாக நடத்தும்படி" என்று கொடுத்தேன். பெயர் போடவில்லை என்று பெருமை வேறு. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்திதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. டல்சி அனுப்பிய பிறகுதான், "ஏண்டி கிளெண்டா, நம்ம ஹெய்டியா?" என்று போன் பண்ணினாள், அந்தக் குரலில் இரக்கமும் இருந்தது, ருசியும் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இந்த ஆறு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ போனில் ஃபெர்கஸைப் பற்றிச் சொன்னபோது அப்பா போனை என் கையில் திணித்துவிட்டுப் புல் வெட்டப் போனார், வெட்டின இடத்தையே திரும்பத் திரும்ப வெட்டினார். அன்றைக்குச் சாயங்காலம், "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்" என்றார், நானும் சரி என்றேன். அதற்குப் பிறகு யாரிடமும் உனக்காக ஜெபிக்கச் சொல்ல முடியவில்லை. சபையில் பக்கத்து இருக்கைக்காரி தன் மகனின் குடிப்பழக்கத்துக்காக அழுது ஜெபம் கேட்பாள், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்காகக் கேட்க முடியாத ஜெபத்தை நான் ஹெய்டியின் தலையில் வைத்துக் கேட்டேன், பிரெண்டன். வேறு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை.

குறிப்பு பள்ளி நிர்வாகத்தின் போன்களுக்கும் போனது, ஹெய்டியை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரீட்சை நெருங்குகிறது, அவள் வகுப்புக் கதவிலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், நாலு ஆணித் துளை மட்டும் தெரிகிறது. போன வாரம் எனக்கு போன் செய்தாள். "யாரு சொன்னாங்கன்னு தெரியல கிளெண்டா, சபைல கை கொடுத்த ஒவ்வொரு ஆளையும் நினைச்சுப் பார்க்கிறேன். உங்க ஒருத்தர்கிட்டதான் எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கத் தோணுது" என்றாள். பண்ணுகிறேன் என்று சொன்னேன்.

நேற்று தலைமையாசிரியர் கிரஹாம் ஸ்டிபர்ட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் என்று நினைக்காதே, அப்பாவின் ஆபரேஷன் அன்று டூவூம்பா ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான், வேதம் சொல்வதைக் காக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்புகிறவர். கதவைச் சாத்தினார், தேநீர் ஊற்றினார். "நாமளா ஆசிரியர்கள்ட்ட இந்த மாதிரி விஷயத்தைக் கேட்கக் கூடாதுங்குது சட்டம் கிளெண்டா. ஆனா அவங்களா வேலை இடத்துல வெளிப்படையா சொன்னாங்கன்னா, அது வேற. உங்ககிட்ட ஹெய்டி தானாத்தானே சொன்னாங்க?" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி நீட்டினார். குறிப்பைக் கொடுத்தது நான் என்று டல்சி அவரிடம் சொல்லியிருக்கிறாள். மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது. ஜூலை பதினான்காம் தேதி பள்ளி அலுவலகத்தில் செல்வி ஜான்கே தாமாகவே முன்வந்து என்னிடம் தெரிவித்தார் என்று அடித்து, கீழே என் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் கேட்டேன் என்பது அதில் எங்கேயும் இல்லை. அந்தத் தாளில் என் கையெழுத்து விழுந்தால் ஹெய்டியின் வேலை போகும், சட்டப்படி போகும், இந்த மாநிலத்தில் வேறு எந்தச் சபைப் பள்ளியும் அவளைச் சேர்க்காது.

யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். "வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடுது, அது வரைக்கும் எடுத்துக்குங்க, ஜெபிச்சு முடிவெடுங்க" என்றார். நான் கதவைத் திறக்கும்போதுதான் கேட்டார், "பிரெண்டன் எப்படி இருக்கான்? சபை மூப்பர்கள் நாங்க எல்லாரும் ரெண்டு வருஷமா அவனை நெஞ்சுல சுமந்துட்டிருக்கோம்." நான் கதவைத் திரும்பச் சாத்தினேன். அவர் அதே தணிந்த குரலில், "இது வழக்கு விசாரணைன்னு போச்சுன்னா வக்கீலுங்க எதை வேணும்னாலும் கிளறுவாங்க, வீட்டு விஷயமெல்லாம் பேப்பர்ல வரும். அதுல இருந்து உங்களையும் உங்க வீட்டுக்காரர் நோயலையும் காப்பாத்தத்தான் பாக்குறேன்" என்றார். இரண்டு வருஷம், பிரெண்டன். மூன்று பேருக்குள் இருக்கட்டும் என்று சொன்ன உன் அப்பா அந்த வாரமே மூப்பர் கூட்டத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸில் உன் தலையைத் தடவி நலம் விசாரித்த அத்தனை பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "எனக்கும் யாராவது வேணுமில்ல?" என்றார், அதைக் கேட்டு எனக்குக் கோபம் பாதியாகிவிட்டது, ஏனென்றால் நான் செய்ததும் அதேதான். ஆனால் அடுத்தாற்போல, "கையெழுத்தப் போட்டுரு கிளெண்டா. அவ இன்னொரு ஊருக்குப் போயிடுவா, நாம இங்கதான் கிடக்கணும், இங்கதான் நம்மளப் புதைக்கப் போறாங்க" என்றார். நேற்று இரவும் இன்று காலையும் சாப்பாட்டு மேஜையில் கண்ணை மூடிக்கொண்டு, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, கிளெண்டாவுக்கு ஞானம் கொடும் என்று என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு இந்த மனுஷனைக் கண்டு பயமாக இருக்கிறது.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. வேதத்தில் அந்த வசனங்கள் எழுதியிருக்கும் பக்கம் எனக்குத் தெரியும், அவற்றைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, அதற்கு யாரும் எனக்கு விளக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. என் கையாலேயே வேறு ஒரு தாள் எழுதிவிட்டேன். அவள் முன்வந்து சொல்லவில்லை, பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள், ஜெபக் குறிப்பைக் கொடுத்தவளும் நானே, என்று. இதைச் சட்டப்படி யார் தப்பு என்று பார்த்தால் பள்ளியின் தப்பாகும், பள்ளி அதை என் தப்பு என்று சொல்லும், என் மேஜையை நானே காலி செய்ய வேண்டியிருக்கும். அதன் நகல் இந்த உறையிலேயே இருக்கிறது. பத்திரமாக வை, பிற்பாடு நான் வேறு மாதிரி எழுதிக்கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் தேவைப்படும். இன்னொரு நகலை ஹெய்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப் போகிறேன், நான்தான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு. அதற்குத்தான் எனக்கு அதிக பயம்.

உனக்கு எழுதுவதன் காரணம் இதுதான். வியாழக்கிழமை குழுவில் ஏன் கேட்டாய், ஏன் ஜெபக் குறிப்பில் போட்டாய் என்று என்னைக் கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் உன் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான், பிரெண்டன், அவன் ஃபெர்கஸோடு வாழ்கிறான் என்று உரக்கச் சொல்லப்போகிறேன். உன்னைக் கேட்காமல் ஏற்கெனவே ஒருமுறை உன் பெயர் போயிருக்கிறது, இந்த முறையாவது முன்னாலேயே உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழன் முடிந்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, டல்சி வெள்ளிக்கிழமையைத் தவிர வேறு நாளில் எதுவும் அனுப்பமாட்டாள். அவசர ஜெபக் குறிப்பு என்று போட்டிருக்கிறாள். "பள்ளி அலுவலகத்தில் ஊழியம் செய்யும் நம் சகோதரி ஒருத்திக்காகவும், கடல் கடந்து வழிதப்பிப்போன அவள் மகனுக்காகவும், தாய்ப்பாசம் அவள் கண்ணை மறைக்காதபடி, வியாழக்கிழமை அவள் சரியானதைச் செய்யும்படி." பெயர் போடவில்லை. அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். வழிதப்பிப்போன என்ற வார்த்தை டல்சியுடையதும் இல்லை, கிரஹாமுடையதும் இல்லை, அதை முப்பத்தெட்டு வருஷமாக ஒரே ஒருவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இருநூறு போன்களுக்குப் போயிருக்கும். தானியக் கிடங்கிலிருந்து ஒருவர் வெளியே வந்து, தன் போனைப் பார்த்துவிட்டு, என் காரைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போகிறார். ஹெய்டிக்கு அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆண்டவர் உன்னையும், ஆமாம், ஃபெர்கஸையும் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. ஈரத் தலையோடு வெளியே போகாதே. வீட்டு நம்பருக்குக் கொஞ்ச நாள் கூப்பிடாதே, எங்கே தங்கப்போகிறேன் என்று தெரிந்ததும் நானே கூப்பிடுகிறேன். ஒன்று மட்டும் மறக்காமல் செய். உன் வேலை இடத்திலும் இப்படி ஒரு படிவம் இருக்கும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று. அதில் நீ இன்னும் என் பெயரைத்தான் எழுதியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். நான் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கிறேன் கண்ணா, உனக்கு ஏதாவது ஆனால் வந்து சேரமாட்டேன். என் பெயரை அடித்துவிட்டு ஃபெர்கஸ் பெயரை எழுது. உறவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கிளெண்டா